நம்பர் தட்டில் வைத்த சந்தனம்

போலீஸ்காரர்களிடம் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு. நம்பிக்கைதான் வெகுநாள் இல்லாமல் இருந்தது. அது எங்கே போனது என்று கேட்டால் செந்தூலில் ஒரு மர பெஞ்சைத்தான் காட்டுவேன்.

எழுபதுகளில் நான் கல்யாணமாகாதவன். செந்தூலில் நாலு பேரோடு ஒரே அறையில் தங்கி லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்து மொட்டை போட்டுக்கொண்டேன். மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் சாலையை மறித்துப் போலீஸ் சோதனை. ஐசியை, அதாவது அடையாள அட்டையைக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்த போலீஸ்காரர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார். படத்தில் காதை மூடுகிற முடியும் கம்பளிப்பூச்சி மாதிரி மீசையுமாக ஒருவன். எதிரில் நின்றவனுக்கு மண்டை நிறையச் சந்தனம், மீசையும் கிடையாது.

"இது யார்?" என்றார் மலாயில்.

"நான்தான் துவான்."

"நீ இல்லையே."

போய் பெஞ்சில் உட்காரச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் என்னைப் போலவே இன்னும் ஐந்து மொட்டைகள் வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். எல்லாருமே முருகனுக்கு முடி கொடுத்தவர்கள்தான். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தமிழ் கான்ஸ்டபிள் வந்து, சிரித்துச் சிரித்துத் தன் தொப்பியை ஒவ்வொருவர் தலையிலும் கவிழ்த்துப் படத்தோடு ஒத்துப் பார்த்தார். என் முறை வந்தபோது தொப்பி என் தலைக்குச் சின்னதாக இருந்தது. அதனால் நான்தான் கடைசியாக வீட்டுக்குப் போனேன்.

அன்றைக்கு எனக்குப் பட்டது இதுதான். இவர்களுக்கு அட்டையில் இருப்பவன்தான் ஆள். எதிரில் மூச்சு விட்டுக்கொண்டு நிற்பவன் அதற்கு வெறும் சாட்சி. அட்டையும் ஆளும் ஒத்துப்போகவில்லை என்றால் தப்பு ஆள் மேல்தான்.

பிறகு தொண்ணூறுகளில் ஐசியையே மாற்றினார்கள். பழையதில் ஏழு எண். புதியதில் பன்னிரண்டு. "முதல் ஆறு எண்ணும் நீங்க பொறந்த தேதி, அங்கிள். எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டோம், இனிமே தப்பே வராது" என்றாள் கவுண்டரில் இருந்த பெண். என் பிறந்த தேதி தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணி குத்துமதிப்பாக எழுதியது. மழைக்காலத்தில் பிறந்தான் என்று அம்மா சொல்ல, அவர் தனக்குத் தோன்றிய ஒரு நாளைப் போட்டுவிட்டார். கம்ப்யூட்டருக்கு இது தெரியாது. நானும் சொல்லவில்லை.

அதற்குள் எனக்குக் கல்யாணமாகி, கிள்ளானுக்குக் குடிவந்து, சொந்தமாக ஒரு வெள்ளை வேனும் வாங்கியிருந்தேன். பந்திங் சாலையில் இருக்கும் செம்பனைத் தோட்டங்களில் இருந்து பெண்களை ஏற்றிப் பெட்டாலிங் ஜெயா பக்கம் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய் விடுவது என் வேலை. சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து இறக்க வேண்டும். பதினொரு பெண்கள். என்னை 'வேன் அங்கிள்' என்பார்கள். அந்த வேனும் ஆள் ஏற்றுகிற லைசனும்தான் எங்கள் வீட்டு அடுப்பு.

எங்கள் வீட்டில் ஆயுத பூசை என்றால் வேனுக்குத்தான் முதல் மரியாதை. என் மனைவி அதை மாப்பிள்ளை மாதிரி ஜோடித்துவிடுவாள். கண்ணாடியில் மூன்று பட்டை விபூதி, ஸ்டியரிங்குக்குச் சந்தனப் பொட்டு, முன்னால் சாமந்தி மாலை, நாலு டயருக்கடியிலும் எலுமிச்சம்பழம். நம்பர் தட்டில் மட்டும் மேல் விளிம்பில் மூன்றே மூன்று சின்னப் பொட்டு. எண்ணின் மேல் படக்கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தேன். தட்டு அழுக்காக இருந்ததற்கு ஒருமுறை அபராதச் சமன் வாங்கியவன் நான். அவளுக்கு அதில் எப்போதும் ஒரு குறை உண்டு.

"சாமிக்கு வைக்கிற பொட்டுக்குக்கூடவா பெர்மிட் வேணும்?" என்பாள்.

அந்த வருசமும் அப்படித்தான் பூசை நடந்தது. மறுநாள் விஜயதசமி. தொழிற்சாலைக்கு லீவு கிடையாது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கடைசிப் பெண்ணைத் தோட்டத்து முச்சந்தியில் இறக்கிவிட்டுத் திரும்பினேன். மழை விட்டுவிட்டுப் பெய்தது. கிள்ளானுக்குள் நுழைகிற இடத்தில் தமிழ் முஸ்லிம் ஒருவர் நடத்தும் மாமாக் கடை உண்டு. அந்த வழியாக வந்தால் ஆட்டெலும்பு சூப்பின் வாசம் வேனுக்குள் ஏறி பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்ளும்.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்கச் சைவம். கல்யாணமான வருசம் இருவரும் பெருமாள் சந்நிதியில் நின்று எடுத்துக்கொண்ட விரதம் அது. நெற்றியில் நேற்றைய பூசைத் திருநீறு அழியாமல் இருக்க, நான் அந்தக் கடையில் உட்கார்ந்து ஒரு மங்கு நிறையச் சூப்புக் குடித்தேன். ரொட்டியும் தொட்டுக்கொண்டேன். எலும்பையும் விடவில்லை. பிறகு இரண்டு ஏலக்காயை மென்றுகொண்டு வீட்டுக்குப் போனேன். அவள் சுண்டலும் பொங்கலும் வைத்தபோது வயிறு மந்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். மந்தமாகத்தான் இருந்தது.

நாலு நாள் கழித்து வீட்டு வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. ஒரு சார்ஜனும் ஓர் இளைய கான்ஸ்டபிளும் இறங்கினார்கள். சார்ஜன் மலாய்க்காரர். அவருடைய அப்பா தோட்டத்து வாட்ச்மேனாக இருந்தவராம். நம் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் தமிழ் சரளமாகப் பேசினார். எனக்கு அது இன்னும் பயமாக இருந்தது. மலாயில் கேட்டால் பதிலை யோசிக்க ஒரு நிமிசம் கிடைக்கும்.

"அண்ணே, இந்த வேன் உங்களுதுதானே?"

"ஆமா துவான்."

கையில் ஒரு நீளமான தாள் வைத்திருந்தார். இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டை போட்ட கம்ப்யூட்டர் தாள். அதில் என் வேன் நம்பர், என் பெயர், அந்தப் பன்னிரண்டு எண், வீட்டு முகவரி எல்லாம் புள்ளி புள்ளியாக அச்சாகியிருந்தன. என் பெயரை அப்படி ஒரு தாளில் அதுவரை நான் பார்த்ததில்லை. யாரோ குற்றவாளியின் பெயர் மாதிரி இருந்தது.

விஜயதசமி அன்று சாயங்காலம் ஏழு மணி வாக்கில், நான் பெண்களை இறக்கிவிடும் முச்சந்திக்குக் கொஞ்சம் தள்ளி, சைக்கிளில் போன ஒரு மலாய்ப் பெரியவரை ஒரு வெள்ளை வேன் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டதாம். அவருக்குக் கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தமிழ்ப் பெண் பார்த்திருக்கிறாள். வேனின் நம்பரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே கடைவரைக்கும் ஓடி அங்கே எழுதி வாங்கியிருக்கிறாள். வேனில் பூசை போட்டிருந்தது, மாலை தொங்கியது என்றும் சொல்லியிருக்கிறாள்.

சார்ஜன் திரும்பி என் வேனைப் பார்த்தார். சாமந்தி மாலை காய்ந்து இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. இடப்பக்க பம்பரில் பழைய நசுங்கல் ஒன்று. அதையும் குனிந்து பார்த்தார்.

"அன்னிக்கு ஏழு மணிக்கு எங்க இருந்தீங்க, அண்ணே?"

என் மனைவி அகப்பையோடு கதவருகில் நின்றாள். அவளைப் பார்த்தேன். என் வாய் தானாகவே திறந்தது.

"கோயில்ல இருந்தேன் துவான்."

வேனைக் கான்ஸ்டபிள் ஓட்டிக்கொண்டு போனார். லைசனையும் வாங்கிக்கொண்டார்கள். ஜீப் மறைந்த பிறகு என் மனைவி என் முதுகில் தட்டிக் கொடுத்து, "கோயில்ல இருந்த மனுசனுக்கு என்னங்க பயம்?" என்றாள். அந்தத் தட்டு என் முதுகில் இரண்டு நாள் வலித்தது.

பெண்களை ஏற்றும் கண்ட்ராக்டர் ஒரு சீனர். விசயத்தைச் சொன்னதும் அவர் கோபப்படவில்லை. "நீ இடிச்சியா இல்லியா, அது எனக்கு வேணாம்லா. பொம்பளைங்க டைமுக்கு வரணும். ஒரு வாரம் வேற வேன் வச்சுச் சமாளிப்பேன். அதுக்கு மேல முடியாது" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர். அவர் சொன்னதுதான் என்னைப் படுக்கவைத்தது.

"நம்பர் வந்துருச்சுன்னா கதை முடிஞ்சுதுண்ணே. ஆள்னா பேசிப் பார்க்கலாம், கெஞ்சிப் பார்க்கலாம். கம்ப்யூட்டர்கிட்ட போய் என்னத்த பேசுவீங்க? இருட்டுல தெரியாம நடந்துபோச்சுன்னு ஒத்துக்குங்க. கோர்ட்டுல பார்த்துக் கொறச்சுப் போடுவாங்க."

செய்யாததை ஒத்துக்கொள்வதா என்று முதலில் கோபம் வந்தது. பிறகு சாமி அறையில் போய் உட்கார்ந்தபோது, ஒத்துக்கொண்டால்தான் என்ன என்று தோன்ற ஆரம்பித்தது. புரட்டாசியில் சூப்புக் குடித்தவனைப் பெருமாள் இப்படித்தான் பிடிப்பார் போலிருக்கிறது, தண்டனை வேறு பெயரில் வந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றுகூட நினைத்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் பயந்தவனின் பக்தி அந்த மாதிரிதான் வேலை செய்யும்.

இரண்டாம் நாள் சார்ஜன் தனியாகத் தன் மோட்டார் சைக்கிளில் வந்தார். உள்ளே வந்து உட்கார்ந்து, தேத்தண்ணீர் வாங்கிக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்.

"ஐயர்கிட்ட கேட்டேன். நீங்க அன்னிக்கு வரவே இல்லயாம். காலையில உங்க வீட்டு அக்கா மட்டும் வந்தாங்களாம்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் சிமெண்ட் தரையைப் பார்த்தேன். தரையிடம்தான் சூப்பைப் பற்றிச் சொன்னேன்.

சார்ஜன் எழுந்து, "அந்தக் கடை எங்க இருக்கு, வாங்க" என்றார். மோட்டாரில் அவர் பின்னால் நான் உட்கார்ந்துகொண்டேன். என் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு குறுக்குவழியில் நடந்து, நாங்கள் பெரிய சாலையைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் அங்கே நின்றாள்.

கடைக்காரருக்கு என்னைப் பார்த்ததில் சந்தோஷம். "அண்ணனையா? தெரியாம என்ன. வாராவாரம் வருவாரே" என்றார்.

என் மனைவி, "வாராவாரமா?" என்றாள்.

"போன வாரம் மழை பேஞ்ச அன்னிக்கு, ஏழு மணிக்கு இவர் வந்தாரா? அத மட்டும் சொல்லு" என்றார் சார்ஜன்.

கடைக்காரர் கரண்டியைச் சட்டியில் விட்டுவிட்டு யோசித்தார். "மழைன்னா எல்லாரும்தான் சூப்புக் குடிக்க வராங்க துவான். யாரு என்னிக்கு வந்தாங்கன்னு நான் எப்படிச் சொல்றது? ஒருவேளை வந்திருப்பாரு. வராமலும் இருந்திருப்பாரு."

திரும்பி வரும்போது சார்ஜன் ஒன்றே ஒன்று கேட்டார். "மொதல்ல கோயில். இப்ப சூப்பு. நாளைக்கு என்னண்ணே?" குரலில் கேலி இல்லை. திங்கட்கிழமை காலை பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்கு, வரச் சொன்னார். சாட்சி சொன்ன பெண்ணும் வருவாள், அவள் முன்னால் வேனைக் காட்டி எழுதி முடித்துவிட்டு மேலே அனுப்பிவிடுவேன் என்றார். மேலே அனுப்பினால் கோர்ட்டுதான்.

அந்த இரண்டு நாளும் என் மனைவி சூப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு வைத்தாள், ரசம் ஊற்றினாள், பீர்க்கங்காய் வைத்தாள். திட்டினால் பரவாயில்லை என்று இருந்தது. திங்கட்கிழமை விடியற்காலையில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போய் என் பெயருக்கு அர்ச்சனை செய்துகொண்டு வந்தாள். புறப்படும்போது வாசலில் நின்று நான்தான் கேட்டேன்.

"நீயாவது என்னை நம்புறியா?"

"ஏலக்கா மென்னுக்கிட்டு வந்தீங்க பாருங்க, அன்னிக்கே தெரியும் எனக்கு. ஒரு மங்கு சூப்பக்கூட மறைக்கத் தெரியாத ஆளு, ஒரு மனுசன இடிச்சுப் போட்டுட்டு வந்து நாலு நாள் மூக்குப் பிடிக்கச் சோறு தின்னுருப்பீங்களா? நடங்க, பஸ் வந்துரும்."

பாலாய் பந்திங் சாலையில் ஒரு தாழ்வான கட்டடம். வளாகத்தில் என் வேன் மழையிலும் வெயிலிலும் நின்று மாலை கருகிப்போயிருந்தது. சாட்சி சொன்ன பெண் முன்பே வந்து படியில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். செம்பனை உதிரிக்காய் பொறுக்குகிறவள். விரலெல்லாம் முள் குத்திய தழும்பு. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அவள் முகத்தில் பகை இல்லை. நல்லது செய்கிறோம் என்று வந்தவளின் முகம்.

சார்ஜன் வேனின் பின்பக்கத்துக்கு அவளைக் கூட்டிப்போய் நம்பரைக் காட்டினார்.

"இதுதானேமா?"

"இதே நம்பர்தான் துவான். கடைசி எட்டு. எம் புள்ளைங்க மேல சத்தியமா நான் பார்த்தேன். பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போவுது?"

அவள் பொய் சொல்லவில்லை என்பது எனக்கே தெரிந்தது. நல்லவள் ஒருத்தி சொல்கிறாள், கம்ப்யூட்டரும் சொல்கிறது. நான் ஒருவன்தான் இல்லை என்கிறேன். அதுவும் கோயில் பெயரைச் சொல்லிப் பொய் சொன்ன நான்.

என் மனைவி குனிந்து எங்கள் நம்பர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேல் விளிம்பில் அவள் வைத்த மூன்று பொட்டும் காய்ந்து அப்படியே இருந்தன.

"தங்கச்சி, நீ பார்த்த வேன்ல பொட்டு எங்க இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"நம்பர்லதான்க்கா."

"நம்பர்லயா, நம்பருக்கு மேலயா?"

"நம்பர் மேலயே. ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவுல, மேல ஒண்ணு கீழ ஒண்ணு, ரெண்டு ரெண்டா. சந்தனத்த அப்பி வச்சிருந்தாங்க. மழையில குங்குமமெல்லாம் ஒழுகிப் போயிருந்துச்சு."

"இந்தத் தட்டப் பாரு. நடுவுல ஏதாச்சும் இருக்கா?"

அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். "இல்லியே" என்றாள் மெதுவாக.

"தொடைச்சிருப்பாங்க" என்றார் அந்த இளைய கான்ஸ்டபிள் மலாயில்.

"மேல இருக்கிற பொட்ட விட்டுட்டு நடுவுல இருக்கிறத மட்டும் தொடைக்கிற ஆளு இவர் இல்ல தம்பி. வீட்டுல சாப்பிட்ட தட்டையே எடுத்து வைக்க மாட்டாரு" என்றாள் என் மனைவி. சார்ஜன் அதை மலாயில் சொல்லவும் கான்ஸ்டபிளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு அவள் வளாகத்தில் நிற்கும் வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்தாள். என்ன தேடுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. சார்ஜனின் மோட்டார் சைக்கிள் அருகில் போய் நின்றாள். அதன் நம்பர் மூன்றில் முடிந்தது.

"துவான், இதுல கொஞ்சம் பொட்டு வைக்கலாமா? கோவிச்சுக்காதீங்க. அப்புறம் நானே தொடைச்சுர்றேன்."

சார்ஜன் தலையசைத்தார். "வைங்கக்கா" என்றார்.

அவள் கைப்பையைத் திறந்து, காலையில் அர்ச்சனை செய்த பிரசாதத்தை எடுத்தாள். வாழையிலைத் துண்டில் பூவும் விபூதியும் ஈரம் காயாத சந்தனமும் இருந்தன. நம் ஊரில் நம்பர் தட்டு கறுப்பு, எண் வெள்ளை. அந்த மூன்றுக்கு இடப்பக்கம், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகச் சந்தனம் வைத்தாள். குழாயடியில் போய்க் கையை நனைத்துக்கொண்டு வந்து, மழை பட்ட மாதிரி விரலால் லேசாக இழுத்துவிட்டாள். கிட்டே இருந்து பார்த்தால் மூன்றுக்குப் பக்கத்தில் சந்தனம் என்று தெரிந்தது. வேறொன்றும் தோன்றவில்லை.

"தள்ளி நின்னு பாருங்க துவான். அந்தப் பொண்ணு எவ்வளவு தூரத்துல இருந்து பார்த்துச்சோ அவ்வளவு தூரம்."

சார்ஜன் பத்தடி பின்னால் நடந்து திரும்பிப் பார்த்தார். இன்னும் ஐந்தடி நடந்தார். பிறகு உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த வேறொரு கான்ஸ்டபிளைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டார். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவருக்கு நடந்தது எதுவும் தெரியாது. சார்ஜன் அவரை வாசற்படியிலேயே நிறுத்தி, அந்த மோட்டாரின் நம்பரை வாசிக்கச் சொன்னார்.

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வோர் எண்ணாக வாசித்தார். கடைசி எண்ணுக்கு வந்ததும், "லாப்பான்" என்றார். எட்டு.

முருகா என்று சொன்னேனா, நினைத்தேனா தெரியவில்லை.

"இவன் தினமும் என் பின்னால இந்த மோட்டார்ல உக்காந்து வரவன் அண்ணே" என்றார் சார்ஜன் என்னிடம். அவர் என்னிடம் சிரித்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

அந்தப் பெண் மோட்டாரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இதத்தான் துவான் நான் பார்த்தேன். இப்படித்தான் இருந்துச்சு" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அவள் கண் கலங்கியிருந்தது. "அண்ணே, உங்க வயித்துல அடிக்கப் பார்த்தேனே."

"நீ என்னம்மா செய்வ. கண்ணுல பட்டதச் சொன்ன. நீயும் கண்டுக்காமப் போயிருந்தா அந்தப் பெரியவர் ரோட்டுலயே கிடந்திருப்பாரு" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

என் மனைவி சேலைத் தலைப்பை நனைத்துச் சார்ஜனின் நம்பர் தட்டைத் துடைக்கப் போனாள். அவர் வேண்டாம் என்றார். "இருக்கட்டும்கா. பெரிய அதிகாரி வராரு. அவரையும் வாசிக்கச் சொல்றேன்."

அன்றே எனக்கு வேன் கிடைத்துவிடவில்லை. கடைசி எண் எட்டுக்குப் பதிலாக மூன்று போட்டுக் கம்ப்யூட்டரில் திரும்பவும் தேடினார்கள். அதுவும் ஒரு வெள்ளை வேன்தான். கம்போங் மேடான் பக்கத்தில் ஒரு மளிகைக் கடைக்குச் சொந்தமானது. சார்ஜன் போய்ப் பார்த்தபோது முன்விளக்கு புதிதாக மாற்றியிருந்ததாம். நம்பர் தட்டில் சந்தனத்தின் சுவடு இன்னும் இருந்ததாம். வேனை ஓட்டிய கடைக்காரர் இரண்டு கேள்விக்கு மேல் தாங்கவில்லை, உட்கார்ந்து அழுதுவிட்டார் என்றார் சார்ஜன். மழையில் சைக்கிள் தெரியவில்லை, இடித்த பிறகு பயந்து ஓடிவிட்டேன் என்றாராம்.

புதன்கிழமை வேன் சாவியையும் லைசனையும் என் கையில் கொடுத்தார் சார்ஜன். கண்ட்ராக்டர் சொன்ன கெடுவுக்கு ஒரு நாள் மிச்சம் இருந்தது. வியாழக்கிழமை காலை முச்சந்தியில் பதினொரு பெண்களும் நின்றார்கள். ஏறும்போது ஒருத்தி, "அங்கிள், சூப்புக் கடையில நிறுத்திட்டுப் போலாமா?" என்று கேட்டாள். பந்திங் சாலையில் இருக்கிற எல்லாருக்கும் அதற்குள் தெரிந்துபோயிருந்தது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன். அந்த வாரத்தில் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

அந்த மளிகைக் கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். முழுசாக வரவில்லை. அவர் வீட்டிலும் யாரோ ஒருத்தி பூசை அன்று பக்தியோடு, கை நிறையச் சந்தனம் எடுத்து, தாராளமாகவே வைத்திருக்கிறாள். அடுத்த வெள்ளிக்கிழமை என் மனைவி இரண்டு அர்ச்சனை செய்தாள். ஒன்று ஆஸ்பத்திரியில் இருந்த பெரியவரின் காலுக்கு. இன்னொன்று யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

பெரியவரைப் பார்க்க இருவரும் ஒரு பிஸ்கட் டின்னோடு போனோம். காலில் மாவுக்கட்டுப் போட்டுத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். நாங்கள் யார் என்று சொன்னதும், "இடிச்சது உன் வேன் இல்லைன்னா நீ ஏன் வந்தே?" என்று மலாயில் கேட்டார். நான் டின்னை நீட்டினேன். அவர் டின்னைத் திறந்து பார்த்துவிட்டு, "சரி, பிஸ்கட் நல்லாத்தான் இருக்கு" என்றார். இரண்டு மாதத்தில் நடக்க ஆரம்பித்துவிட்டார் என்று பிறகு அந்தத் தோட்டத்துப் பெண் சொன்னாள்.

இந்தச் சம்பவத்தோடு போலீஸ் மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது என்று சொன்னால் அது இன்னொரு கோயில் பொய்யாகிவிடும். அந்த சார்ஜன் மேல் வந்தது. தன் கையில் இருந்த தாளை விட்டுவிட்டுப் பதினைந்து அடி பின்னால் நடந்து போய்ப் பார்த்தாரே, அதற்காக. யாராவது ஐசி எண்ணைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் நெஞ்சில் ஒரு சின்ன அடி விழும். வங்கியில் கேட்டாலும் ஆஸ்பத்திரியில் கேட்டாலும் அந்தப் பன்னிரண்டையும் மெதுவாகச் சொல்லி, எழுதியதைத் திருப்பிக் காட்டச் சொல்வேன். கவுண்டரில் இருப்பவர்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும்.

சூப்பு விசயமும் ஒருவழியாகத் தீர்ந்தது. அந்த வருசம் புரட்டாசி முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பாசாருக்குப் போய் ஆட்டெலும்பு வாங்கி வரச் சொன்னாள். மிளகு தட்டிப் போட்டு அவளே வைத்தாள். ஒரு வாய் குடித்ததும், "மாமாக் கடை மாதிரி இருக்கா?" என்று கேட்டாள். அதைவிட நன்றாக இருக்கிறது என்றேன். இந்த முறை பொய் சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை.

மறுவருசம் ஆயுத பூசைக்கு வேனைக் கழுவி நிறுத்தினேன். அவள் எப்போதும் போல் கண்ணாடிக்குப் பட்டை போட்டு, மாலை கட்டி, நம்பர் தட்டின் மேல் விளிம்பில் மூன்று பொட்டு வைத்தாள். சூடம் ஏற்றுவதற்கு முன் என்னைப் பார்த்தாள்.

"போயி அந்த மின்கம்பத்துகிட்ட நின்னு வாசிங்க."

நான் நடந்துபோய்த் திரும்பி நின்றேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். ஒவ்வோர் எண்ணாக, தெருவுக்கே கேட்கும்படி வாசித்தேன். எட்டு என்று முடித்ததும் அவள் தலையசைத்துவிட்டுச் சூடத்தைக் கொளுத்தினாள்.

வேன் இரண்டு முறை மாறிவிட்டது, நம்பரும் மாறிவிட்டது. பூசையில் அந்த வழக்கம் மட்டும் மாறவில்லை.